பக்கத்தில் ஓர் ஆள்

செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உப்புத்தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன உன் தம்பி எழுதுகிறேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஜெராக்ஸ் கடையில் இன்னும் அந்த ஆடுகிற ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாயா? சின்னவள் அப்பாவைத் தேடாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உன் வீட்டுக்காரர் முழுசாக எங்கள் தீவுக்கு வந்து இறங்கிவிட்டார். வந்த படகிலேயே படகுக்காரரைப் பார்த்து, "என்னங்க, இந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். பஸ் ஓட்டின புத்தி எங்கே போகும். ஆனால் அன்று முதல் படகுக்காரருக்கு மாமா இல்லாமல் டீ இறங்குவதில்லை.

வேலை சொன்னபடிதான். கம்ப்ரசர் கொட்டகையில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது. காலையில் நாங்கள் சுற்றுலா வரும் கெஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கும் முன்பு எல்லாம் நிரம்பி வரிசையாக நிற்க வேண்டும். கொட்டகை முன்பு எண்ணெய்ப் பிசுக்காகக் கிடந்தது. மாமா வந்த ஒரே வாரத்தில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல ஆக்கிவிட்டார். எங்கள் முதலாளி யாரையும் பாராட்டிப் பேசிக் கேட்டதில்லை. அவரே இரண்டு தடவை "ஆளு பரவால்லையே" என்றார்.

இன்னொன்றும் உண்டு. கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன், வாய் நிற்கவில்லை. மத்தியானம் படகு சும்மா நிற்கிற நேரத்தில் மாமாவுக்கு டைவிங் சொல்லித் தருகிறேன். முறைப்படி கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறக்கினேன். இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா. எல்லாவற்றுக்கும் "இல்லடா, இல்லடா" என்று தலையாட்டிவிட்டு, "பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க வீட்டுல என்னை இவ்வளவு கேக்கலையேடா" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

முதல் நாள் மார்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு மூச்சு விடப் பழக்கினேன். மேலே வரச் சொன்னால் வரவே மாட்டேன் என்கிறார். "அடியில யாருமே ஹாரன் அடிக்கறதில்லடா" என்றார். பஸ் டிப்போவை விட்ட பிறகு இப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. நீ கவலையை விடு. நான் இருக்கிறேன்.

உன் தம்பி

*

செப்டம்பர் 29

என் செல்லத் தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். ஸ்டூல் மாற்றியாகிவிட்டது, முதுகுதான் மாற்ற முடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. தலையைத் துவட்டாமல் ஈரத்தோடு திரியாதே.

கடிதம் படித்தேன். மாமா போனில் பேசும்போதும் குரல் தெளிவாக இருக்கிறது. அதெல்லாம் சந்தோஷம். ஆனால் டைவிங் எல்லாம் எதற்குடா அவருக்கு? வயசு நாற்பத்திமூன்று ஆகிறது. கொட்டகையில் வேலை என்றுதானே சொன்னாய். கொட்டகையிலேயே இருக்கட்டும். உனக்குப் பொழுது போகவில்லை என்றால் வேறு யாருக்காவது சொல்லிக் கொடு.

அப்புறம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு மாத்திரை போடுவார். போட்டாரா என்று பார்த்துக்கொள். என்ன மாத்திரை என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, அவருக்குப் பிடிக்காது. வாயுத் தொந்தரவுக்குத்தான். ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கேலி பண்ணாமல் நான் சொன்னதைக் கேள். அவரைத் தண்ணீரில் இறக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்.

அக்கா

*

டிசம்பர் 2

பயந்தாங்கொள்ளி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே காய்ச்சல் பரவுகிறது என்று மாமா சொன்னார், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டாதே. கடல் கொந்தளித்து, தபால் கொண்டுவரும் படகு பாதி நாள் வரவே இல்லை. உன் கடிதமே போன வாரம்தான் ஈரம் பட்டு என் கைக்கு வந்தது. அதற்குள் நீ வேண்டாம் என்றதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

மாமா இப்போது கைடு. விளையாட்டில்லை, முறையாகக் கார்டு வாங்கின கைடு. கெஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு கீழே போய், பவளப்பாறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, பத்திரமாக மேலே கொண்டுவருகிற வேலை. படிப்பு, நீச்சல், ஆள் தூக்கிக் கரை சேர்ப்பது, எல்லாம் தேறிவிட்டார். எனக்குத் தெரிந்து இவ்வளவு நிதானமாக மூச்சு விடுகிற ஆளைப் பார்த்ததில்லை. நான் ஒரு சிலிண்டரைக் காலி பண்ணுகிற நேரத்தில் அவருடையது பாதி மிச்சம் இருக்கும். சீசன் தொடங்கிவிட்டது, கைடு போதவில்லை என்று முதலாளி தலையில் கை வைத்திருந்தார், மாமா வந்து நின்றார். கொட்டகைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

கார்டு வந்த அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தார். பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

வாயு மாத்திரையைப் போடுகிறார். அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

உன் தம்பி, மாமாவின் வாத்தியார்

*

டிசம்பர் 20

தம்பி,

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படகுத்துறையில் நின்றுகொண்டு படிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் ஆபீசில் போன் ஒன்றுதான், நீ பேசினால் பக்கத்தில் அவரும் நிற்கிறார். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

அது வாயு மாத்திரை இல்லை. உன் மாமாவுக்கு வலிப்பு உண்டு.

இரண்டரை வருஷத்துக்கு முன்பு டிப்போவில் முதல் தடவை வந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது, கடவுள் புண்ணியம். ஸ்டியரிங் மேலேயே விழுந்து வாயில் நுரை தள்ளிவிட்டது. இரண்டாவது தடவை வீட்டில், குளியலறையில். கதவை உடைத்துத்தான் தூக்கினேன். டாக்டர் பார்த்துவிட்டு இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றுவிட்டார். கண் சரியில்லை என்று வேலையை விட்டார் என்று உங்களுக்கெல்லாம் சொன்னோமே, அது பொய். சின்னவள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார், உன்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்று. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு வரவில்லை. வரவில்லை என்றுதான் அவர் சொல்கிறார். உறக்கத்தில் வந்ததோ என்னவோ, இரண்டு நாள் காலையில் நாக்கைக் கடித்திருந்தார்.

நீ சிலிண்டருக்குக் காற்று அடிக்கிற வேலை என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. நெருப்பில்லை, சக்கரமில்லை, உயரமில்லை. கரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. நீ அவரைக் கடலுக்குள் கொண்டுபோவாய் என்று நான் கனவா கண்டேன்.

முதல் கடிதத்திலேயே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் என்று பயந்து வாயுத் தொந்தரவு என்று எழுதினேன். இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன், சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள், அவளைப் பார்க்கவே என்னவோ போல இருக்கிறது.

அவரை மேலே கொண்டு வா தம்பி. எப்படியாவது.

அக்கா

*

ஜனவரி 9

அக்கா,

சின்னவளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பேச்சை விடு. 

உன் மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் தாள் போதாது. எழுதவும் மாட்டேன். உனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கரையில் வலிப்பு வந்தால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். தண்ணீருக்கு அடியில் வந்தால் வாயில் இருக்கிற காற்றுக்குழாய் நழுவிவிடும். அடுத்த மூச்சுக்குக் கடல்தான் உள்ளே போகும். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆள் இருந்து, குழாயை வாயோடு அழுத்திப் பிடித்து, உதறல் அடங்கும் வரை விடாமல் இருந்து, அப்புறம் மெதுவாக மேலே கொண்டுவந்தால் ஒருவேளை பிழைக்கலாம். ஒருவேளைதான். இதை நான் வகுப்பில் சொல்லித் தருகிறேன். மாமாவுக்கும் சொல்லித் தந்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அக்கா. சந்தேகம்கூடக் கேட்டார்.

நேரே போய்க் கேட்டேன். சிலிண்டர் கழுவிக்கொண்டிருந்தார். "உங்க அக்கா எழுதிட்டாளா" என்றார். மறுக்கவில்லை. "ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்லடா. மாத்திரை போடறேன்ல."

"இனி நீங்க இறங்கக் கூடாது மாமா. கொட்டகைக்குப் போங்க."

"கொட்டகையில வேற ஆள் இருக்கான். முதலாளி கேட்டா என்ன சொல்லுவ?"

 அவரே பேசினார். "ரெண்டு வருஷம் ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். போற வர்ற பஸ்ஸ எல்லாம் பாத்துட்டு. உங்க அக்கா கடைக்குப் போய்ட்டு வந்து சோறு போடுவா. சின்னது வந்து, 'அப்பா நீ ஏன் ஆபீஸ் போகல'ன்னு கேக்கும். அதைவிடவா இது மோசம்?" சொல்லிவிட்டு மறுபடி சிலிண்டரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை. முதலாளியிடம் சொன்னால் அன்றைக்கே படகேற்றிவிடுவார். அதனால் ஒரு வேலை செய்கிறேன். அவர் இறங்குகிற எல்லா டைவுக்கும் நானும் கூடவே இறங்குகிறேன். அவர் முன்னால் போய் கெஸ்டுகளுக்கு மீன் காட்டுவார், நான் ஒரு கை தூரத்தில், அவர் சிலிண்டரின் தோள் வார் எட்டுகிற இடத்தில் இருப்பேன். நான் எதையும் பார்ப்பதில்லை. அவர் மூச்சுக் குமிழியை மட்டும் பார்க்கிறேன். "ஒரு குரூப்புக்கு ரெண்டு பேர் எதுக்கு, மச்சானும் மச்சானும் ஜோடியா நீந்தறீங்களா" என்று முதலாளி கிண்டல் செய்கிறார்.

இன்னொன்று. காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது நானே எதிரில் நின்று முழுசாகப் போட வைக்கிறேன். தீரப்போகிறது, உடனே அனுப்பு.

தம்பி

*

ஜனவரி 28

தம்பி,

நீ நல்லா இருக்க வேண்டும். வேறு என்ன சொல்ல.

மாத்திரை அனுப்பியிருக்கிறேன். சின்னவளின் பழைய சாக்ஸுக்குள் சுற்றி வைத்திருக்கிறேன், நனையாது.

முதலாளியிடம் சொல்லிவிடு என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். சொல்லாதே என்று ஒன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கடைக்கு வந்தவர் ஒருவர், "என்னம்மா, நீங்க எழுதறதையே பிரதி எடுத்துப் பாக்கறீங்களா" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் திரும்பி வந்து அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் தாங்கமாட்டேன். நீ அந்த இரண்டு வருஷத்தைப் பார்க்கவில்லை. சவரம் செய்துகொள்ள மாட்டார். பேச மாட்டார். ஒரு நாள் சமையலறைக் கத்தியை எல்லாம் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன், ஏன் என்று நீ கேட்காதே. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் சின்னவளுக்கு மீன் கதை சொல்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அவரும் சிரிக்கிறார். நான் பாத்திரம் தேய்ப்பது போல நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பை நிறுத்து என்று எந்தக் கையால் எழுதுவது?

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் நீ எழுதிவிட்டாய். படித்ததிலிருந்து தண்ணீர்க் குழாய் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறேன்.

நீ பக்கத்தில் இருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் பக்கத்தை விட்டு மட்டும் போகாதே.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

சளி பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஆனால் அந்தச் சளியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வேலையில் மூக்கடைப்பு வந்தால் இறங்க முடியாது. கீழே போகப் போகக் காது அழுத்தும். மூக்கைப் பிடித்து ஊதி அதைத் திறந்துவிட்டுக்கொண்டேதான் போக வேண்டும். சளி அடைத்துக்கொண்டால் காது திறக்காது. கை கால் நன்றாக இருக்கும், ஆளும் நன்றாக இருப்பான், இரண்டு ஆள் ஆழம்கூடப் போக முடியாது.

திங்கட்கிழமை எனக்கு அப்படி ஆகிவிட்டது. மாமாவை "இன்னைக்கு நீங்களும் லீவு போடுங்க" என்று கெஞ்சினேன். முதலாளி கேட்டுக்கொண்டே வந்தார். "உனக்கு மூக்கு ஒழுகினா அவரு ஏன்யா லீவு போடணும்?" அன்று வேறு கைடு இல்லை. ஒரு தம்பதி, அவர்களுடைய கல்லூரிப் பெண், கூட ஒரு வயதானவர். நாலு பேரும் ரொம்ப நாள் காத்திருந்து வந்தவர்கள்.

நானும் இறங்கினேன். காதுக்குள் ஊசி வைத்துக் குத்துவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போனேன். கண்ணையும் மூக்கையும் மூடின மாஸ்க்குக்குள் ரத்தம் வந்துவிட்டது. மாமா திரும்பிப் பார்த்து, மேலே போ என்று கை காட்டினார். நான்தான் அவரை மேலே அனுப்ப வேண்டியவன், அவர் என்னை அனுப்பினார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனது.

படகில் உட்கார்ந்து குமிழியைப் பார்த்தேன். கீழே மூச்சு விடுகிறவர்களின் காற்று மேலே வந்து பொங்கும். ஐந்து இடத்தில் பொங்கிக்கொண்டே நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நாலு இடத்தில்தான் பொங்கியது. படகுக்காரரிடம், "எண்ணிப் பாருங்கண்ணே, எண்ணிப் பாருங்க" என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மறுபடி குதித்தேன். காது விடவில்லை. தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மேலேயே மிதந்து, ஒன்றும் தெரியாமல், அழுதுகொண்டு கிடந்தேன். மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்கக்கூட முடியாது.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு பாறைக் குடைவுக்குள் தலையை விட்டு ஆமையைக் காட்டிக்கொண்டிருந்தாராம், காற்று பாறையில் தங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே மேலே வந்தார். அந்தப் பெண்ணின் அம்மா அவருக்குக் கை கொடுத்து நன்றி சொன்னாள். தன் பெண்ணை யாரிடம் கொடுத்து அனுப்பினோம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானமே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. ஆபீஸ் போன் பழுதாகிக் கிடக்கிறது, கடிதத்தில் கேட்டால் பதில் வர இருபது நாள் ஆகும், அதற்குள் எத்தனை பேர் இறங்குவார்கள்.

மாமா பையை எடுத்துக்கொண்டு புதன்கிழமைப் படகில் ஏறினார். நான் துறையில் நின்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கடிதம் வரும்போது உன் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவரைத் தனியாக விடாதே. என்னைத் திட்டினால் திட்டட்டும்.

தம்பி

*

மார்ச் 4

தம்பி,

சௌக்கியமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் ஆபீஸ் போனும் அடிக்கவில்லை. அங்கே என்னதான் நடக்கிறது?

மாமா நேற்று யாருடைய போனிலிருந்தோ பேசினார். வேறொரு தீவில் வேலை கிடைத்துவிட்டதாம், இதைவிடப் பெரிய இடமாம். நீ எங்கே என்று கேட்டேன். "அவன் அங்கயே இருக்கான், நல்லா இருக்கான்" என்றார். எந்தத் தீவு என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து, நான் டூரிஸ்ட், ஊருக்குக் கிளம்பிவிட்டேன் என்கிறார்.

அங்கே அவர் கொட்டகையில்தானே இருக்கிறார்? பக்கத்தில் யார்? உடனே எழுது.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் நீ என்னுடையதைப் படித்திருப்பாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

அவர் வீட்டுக்கு வரவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதலாளியிடம் ஓடினேன். அப்போதுதான் மெதுவாகச் சொல்கிறார். சீசன் நேரத்தில் விஷயம் வெளியே தெரிந்தால் தன் இடத்துக்குத்தான் கெட்ட பெயர் என்று, "குடும்பக் காரணமாகப் போகிறார், மிகவும் திறமையானவர்" என்று நற்சான்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "நல்ல மனுஷன்யா, வெறுங்கையோட எப்படி அனுப்பறது" என்று என்னிடமே கேட்டார். 

கார்டும் அவரிடம்தான் இருக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாது அக்கா. ஒரு தடவை தேறினால் ஆயுசுக்கும் தேறினதுதான். அதை ரத்து செய்யுங்கள் என்று அவர் கிளம்பின அன்றே கார்டு கொடுக்கிற ஆபீசுக்கு எழுதியிருந்தேன். மரியாதையாகப் பதில் வந்தது. பயிற்சியில் குறை இருந்தால் சொல்லுங்கள், உடல்நிலையை அந்தந்த டைவிங் சென்டர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். பயிற்சியில் என்ன குறை சொல்வது? நான்தானே கொடுத்தேன். சென்டரில் கேட்பார்கள். என்னிடம் சொன்னது போல இல்லை, இல்லை என்று தலையாட்டி ஒரு ஜோக்கும் சொல்வார். அவர்களும் சிரிப்பார்கள்.

சுற்றிலும் ஏகப்பட்ட தீவுகள். எனக்குத் தெரிந்த சென்டர்களுக்கு எல்லாம் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற இரண்டு இடத்திலிருந்து அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. மற்றவர்கள் எழுதவே இல்லை. படகுக்காரரும் போகிற துறையெல்லாம் விசாரிக்கிறார்.

இங்கே இருந்தவரை அவர் தோள் வாரில் ஒரு கை வைத்துக்கொண்டிருந்தேன். நானே அதை எடுத்துவிட்டேன். சொல்லாமல் இருந்தாலும் தப்பு, சொன்னதும் தப்பு. நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்தால் சொல்.

தம்பி

*

மே 14

தம்பி,

சாப்பிடுகிறாயா? காதுக்கு டாக்டரிடம் காட்டினாயா? சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது.

பதில் போடத் தாமதமானதற்குக் கோபம்தான் காரணம். மறைக்கவில்லை. ஒரு மாதம் உன் பேரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அப்புறம் அந்தப் பெண்ணின் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால், சின்னவள் கையை யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டு போனால். அதற்கு மேல் உன்மேல் கோபப்பட முடியவில்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமை பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர். தண்ணீர் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறார். ஒரு ஞாயிறு நான் அழுதேன், அடுத்த ஞாயிறு பேசவே இல்லை. அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கடைக்காரரைக் கேள். அதிலிருந்து ஒன்றும் கேட்பதில்லை. மீன் கதை சொன்னால் "அப்படியா" என்கிறேன். மாத்திரை அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு போட்டோ வந்தது. ஊருக்குத் திரும்பின யாரிடமோ கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார் போல, உறையில் ஏதோ பெரிய நகரத்து முத்திரை இருக்கிறது, உள்ளே கடிதம் ஒன்றும் இல்லை. படகில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். மாமா கறுத்துப்போய், இளைத்து, நன்றாக இருக்கிறார். எனக்குப் பார்க்கவே பெருமையாக இருந்தது, அப்புறம் அவர் பக்கத்தில் யார் என்று தேடினேன்.

சின்னவளுக்குத் தெரியாமல் கடை மெஷினில் ஒரு கலர் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மாமாவுக்கு இடது பக்கத்தில் உயரமாக ஒருவர், தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவரைப் பார். நல்ல திடமாக இருக்கிறார். முகத்தைப் பார்த்தால் பொறுப்பான ஆள் மாதிரிதான் தெரிகிறது. அவர் உங்கள் தொழிலில் இருக்கிறவரா? மாமாவோடு கூட இறங்குகிறவரா? நீ பார்த்தால் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததைச் சொல், எனக்காக மாற்றிச் சொல்லாதே.

அக்கா

*

ஜூன் 2

அக்கா,

போட்டோ வந்தது. நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரித்துக்கொண்டு இருந்தால் அப்புறம் எழுதமாட்டேன்.

அவர் எங்கள் தொழிலில் இருக்கிறவர் இல்லை. மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிறார் பார். இந்த வேலையில் இருக்கிறவர்கள் யாரும் அப்படி வைக்கமாட்டோம், கழுத்துக்கு இறக்கிவிடுவோம். நெற்றியில் இருந்தால் ஓர் அலை வந்து தட்டிக்கொண்டு போய்விடும். அவர் காசு கொடுத்துக் கடல் பார்க்க வந்தவர்.

பூதக்கண்ணாடி வைத்து எல்லோரையும் பார்த்தேன். படகில் நிற்கிற அத்தனை பேருக்கும் மாஸ்க் நெற்றியில்தான் இருக்கிறது. கழுத்தில் இருப்பது மாமாவுக்கு மட்டும்.

அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை அக்கா. அவர்தான் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததா என்று மட்டும் எனக்கு எழுது.

தம்பி